ஊசியும் கோலும்



மேலைநாட்டார் நெடுங்காலம் நிலம் அளந்தது காந்த ஊசி பொருத்திய திசைகாட்டியால். 1749-இல், தம் 17-ஆம் அகவையில், வர்சீனியாவில் நில அளவையரான சியார்ச்சு வாசிங்டனின் கருவியும் அதுவே.

ஊசிக்கு இரு குறைகள் உண்டு. அது காட்டும் வடக்கு, ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக மாறும். பாட்டன் ஆவணத்தில் எழுதிய கோணம் பேரன் கை ஊசிக்குப் பொருந்தாது. எல்லை வழக்கு எழும். அருகில் இரும்பிருப்பினும் ஊசி தடுமாறும். 1836-இல் கதிரவனைக் கொண்டு திசையறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்ற வில்லியம் ஆசுட்டின் பர்ட்டு, 1844-இல் மிச்சிகன் காட்டை அளந்தபோது ஊசி தாறுமாறாகத் திரும்பியது. ஏனெனத் தேடியவர்கள் இரும்புக்கல்லைக் கண்டனர்.

அளவைக்கு வேண்டுவது மாறாத அடிப்படை. திசைக்குக் கதிரவன், நீளத்திற்குக் கல். முதலாம் அரசராசன் நாட்டை அளப்பித்தான். வேலியில் 20-இல் ஒரு பங்கு மா. 80-இல் ஒன்று காணி. 320-இல் ஒன்று முந்திரிகை. அத்துணை நுண்மையாய்க் கணக்கெழுதிய சோழர் காலத் தமிழர், பதினாறு சாண் கோல் போன்ற அளவுகோல்களின் நீளத்தைக் கோயிற் கல்லிலேயே வெட்டி வைத்தனர். மரக்கோல் தேயும்; கல்லிற் பொறித்த நீளம் நிற்கும்.

அக்கல்லையும் சுண்ணத்தால் மூடினால், திருப்பணியின் பெயரால் செதுக்கி எறிந்தால், எதைக் காட்டித் தமிழன் தன் அளவையை மெய்ப்பிப்பான்? ஊர்தோறும் கோயிற் சுவரைப் பாருங்கள்! கோற்குறி கண்டால் அளந்து படியெடுங்கள்! உளி படுமுன் தடுத்துக் காப்பாற்றுங்கள்!