மதில் ஓரமாக ஒரு நடை



இங்கிலாந்தின் வடபகுதியில் கிழக்கே வால்செண்டிலிருந்து மேற்கே பௌனஸ் வரை ஒரு நடைபாதை போகிறது. நீளம் 135 கிலோமீட்டர். பகலெல்லாம் நடை, ராத்திரி வழியில் ஏதாவது ஓர் ஊரில் தங்கல் என்று ஏழெட்டு நாளில் முடித்துவிடலாம். பாதை திறக்கப்பட்டது 2003-இல்தான். அது ஒட்டிச் செல்லும் மதிலுக்கோ வயது 1,900. கி.பி. 122-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் தம் ஆட்சியின் வட எல்லையில் எழுப்பச் சொன்ன மதில்.

கிளம்பிய அன்றே மதிலைத் தேடினால் ஏமாற்றம்தான். வால்செண்டில் ஒரு கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. அதைத் தாண்டினால் நியூகாசில் நகரம், ஆற்றங்கரை, அப்புறம் வயல்வெளி. 18-ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்குச் சாலை போட்டவர்கள் மதிலை இடித்து, அந்தக் கல்லையே சாலைக்கு அடியில் போட்டுவிட்டார்கள். பண்ணைவீடு கட்டியவர்களும் தேவாலயம் கட்டியவர்களும் அதற்கு முன்பே வேண்டியமட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். நடுப்பகுதியாவது தப்பியதற்கு, நியூகாசிலைச் சேர்ந்த ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் மதில் ஓடும் பண்ணைகள் விலைக்கு வரவர வாங்கிப்போட்டுக் காப்பாற்றியவர் அவர்.

அந்த நடுப்பகுதிக்காகத்தான் இவ்வளவு தூரம் போவது. கரும்பாறைக் குன்றுகளின் உச்சி விளிம்பிலேயே மதில் ஏறி இறங்கிப் போகும். வடக்கே எட்டிப் பார்த்தால் செங்குத்துச் சரிவு. முழங்கால் வலிக்கும், காற்று ஆளைத் தள்ளும். ஒவ்வொரு ரோம மைலுக்கும் வாசலோடு ஒரு சிறு காவல்கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவல் கோபுரங்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்காக, இறங்கவே முடியாத சரிவைப் பார்த்தும் வாசல் வைத்திருக்கிறார்கள். அரசாங்க வேலை அன்றைக்கும் அப்படித்தான்!

பாதையிலிருந்து சற்றுத் தெற்கே விலகினால் விண்டோலாண்டா கோட்டை. மதிலை விடப் பழையது. அரை நாளாவது அங்கே ஒதுக்குங்கள். காற்றுப் புகாத ஈரமண்ணுக்குள்ளிருந்து 1973 முதல் மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. கையகலத்துக்குச் சீவிய மெல்லிய பலகையில் மையால் எழுதியவை. ஒரு தளபதியின் மனைவியான கிளாடியா செவெரா, இன்னொரு தளபதியின் மனைவி லெப்பிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுதியவர் ஓர் எழுத்தர். ஆனால் கடைசியில், "நீ வருவாயென எதிர்பார்த்திருப்பேன், சகோதரி" என்கிற பொருளில், தன் கையாலேயே கிறுக்கலாகச் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. இன்னோர் ஏட்டில் காலுறை அனுப்பிய செய்தி. வேறொன்றில், வீரர்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்ற கோரிக்கை.

கணக்கு ஏடு ஒன்றில் ஒரு வீரனின் பேருக்கு நேரே மிளகு, இரண்டு தெனாரியஸ் காசு என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு போனது நம் சேர நாட்டு முசிறித் துறை போன்ற இடங்களிலிருந்துதான். மேற்குமலைக் கொடியில் காய்த்தது, கடல் பல தாண்டி, பேரரசின் கடைக்கோடியில் குளிரில் நின்றவனின் கஞ்சிவரை போயிருக்கிறது.

சரி, போக நினைப்பவர்களுக்கு என் யோசனை. முழுப் பாதைக்கும் விடுப்புக் கிடைக்காவிட்டால், நடுப்பகுதியில் சோலர்ஃபோர்டிலிருந்து பேர்டோஸ்வால்ட் வரை மூன்று நாள் நடந்தால் போதும். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். மே முதல் அக்டோபருக்குள் போங்கள். குளிர்காலத்தில் சேறான நிலத்தை மிதித்தால், இன்னும் தோண்டாமல் அடியில் கிடப்பவை சிதையும். படம் எடுக்க எவ்வளவு ஆசையிருந்தாலும் மதில்மேல் மட்டும் ஏறாதீர்கள்.