பெயர் சொல்ல முடியாத காதல்



அகத்திணைப் பாடல்களிலே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுவதில்லை. நாம் நன்கு அறிந்த மரபு இது. பெயர் இல்லாததனாலே எவருடைய காதலும் அங்கே பொருந்திவிடுகிறது. ஆனால் மரபினால் அன்றி, அச்சத்தினாலே பெயர் மறைத்த காதலும் உலகத்திலே உண்டு. அதன் கதையை ஒரு கடற்கரை ஊரைக்கொண்டே சொல்லலாம்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலே, கேப் கொட் தீபகற்பத்தின் நுனியிலே இருக்கிறது புரொவின்ஸ்ரவுண். போர்த்துக்கேய மீனவர் பலர் வாழ்ந்த ஊர். 1899இல் சார்ள்ஸ் ஹோதோர்ண் என்ற ஓவியர் அங்கே ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பாவுக்குப் போக இயலாத கலைஞர்களும் வந்து கூடினர். யூஜின் ஓ'நீலின் நாடகம் முதன்முதலில் மேடையேறியதும் 1916இல் இவ்வூர்த் துறைமேடை ஒன்றிலேதான். வந்தவர்களுள் ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் இருந்தனர்.

அவ்வாண்டுக் கோடையிலே வந்த ஓவியர் மாஸ்டன் ஹாட்லி. முன்னர் பேர்லினிலே அவர் நேசித்த கார்ல் ஃபொன் ஃபிரைபேர்க் என்னும் இளம் படை அதிகாரி 1914இல் போர்க்களத்திலே மாண்டார். ஹாட்லி அவருக்காகத் தீட்டிய ஓவியத்திலே முகம் இல்லை. கொடிகள், பதக்கம், பெயரின் முதலெழுத்துகள், இறந்தவரின் வயதைக் குறிக்கும் 24 என்ற எண், இவைதாம் உண்டு. 1916இல் நியூயோர்க்கிலே இவ்வரிசை ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, இவற்றிலே மறைபொருள் எதுவுமில்லை என்று எழுதியும் கொடுத்தார். கையறுநிலை பாடிவிட்டு, நான் எவரையும் பாடவில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

நாடகாசிரியர் ரெனசி வில்லியம்ஸ் 1940இல் இங்கே கிப் என்ற இளம் நடனக்கலைஞரிடம் மனதைப் பறிகொடுத்தார். சில ஆண்டுகளிலே கிப் இறந்துபோனார். அந்தக் கோடையை, அதே ஊரைக் களமாகக் கொண்டு, அதே கிப் என்ற பெயரோடு அவர் நாடகமாக மேடையேற்றியது 1981இலே. இடையிலே 41 ஆண்டுகள்!

கவிஞர் மேரி ஒலிவர், ஒளிப்படக்கலைஞரான மொலி மலோன் குக் என்ற பெண்ணோடு 1960களிலிருந்து இவ்வூரிலே வாழ்ந்தார். இங்குள்ள குளங்களும் காடுகளும் பறவைகளுமே ஒலிவரின் பாடுபொருள். 1992இல் தேசிய நூற்பரிசு பெற்ற மேடையிலே, மொலியின் பெயரை எல்லோரும் கேட்கச் சொல்லி நன்றி கூறினார். மொலி 2005இல் மறைந்தார். 2007இல் மொலியின் ஒளிப்படங்களோடு தம் நினைவுகளைச் சேர்த்து ஒலிவர் நூலாக்கினார்.

2004 மே 17ஆந் திகதி, அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக மசசூசெற்ஸ் ஒருபால் இணையரின் திருமணத்தை ஏற்றது. அன்று புரொவின்ஸ்ரவுண் நகர மண்டபத்திலே, மணப்பதிவு விண்ணப்பங்களிலே இருவர் இருவராகத் தத்தம் பெயரை எழுதினர். மற்றையோருக்கு அது வெறும் படிவம். ஹாட்லிக்கோ, நேசித்தவரின் பெயரிலே முதலெழுத்துகளுக்கு மேல் எழுத இயலவில்லை.

பெயரை மறைப்பது கவிஞன் தானே விரும்பி ஏற்ற நெறியாயின், அது பாட்டுக்கு அழகு. பிறர் சுமத்திய கட்டளையாயின், அது வாழ்வுக்குத் தண்டனை. இந்த வேறுபாட்டை உணராமல் ஹாட்லியின் ஓவியத்தைப் பார்ப்பவருக்குக் கொடியும் பதக்கமுமே தெரியும். உணர்ந்து பார்ப்பவருக்கோ, அந்த 24 என்ற எண் ஓர் இளைஞனாகத் தெரியும்.