மருத்துவ ஆய்வும் நம் மக்களும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் காசநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நெருக்கமான வீடுகளிலும் அரைவயிற்று உணவிலும் வளரும் நோய் அது; நம் சேரிகளுக்கு அயலானதன்று. அதனை வெல்லும் வழியொன்று சென்னையிலேயே, ஏழைகளின் வீடுகளிலேயே கண்டறியப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்லுணவும் நல்ல காற்றும் அளித்தாலன்றிக் குணமில்லை என்று கருதினர். படுக்கைகளோ மிகச் சில. குடிசையில் வாழ்பவன் மருந்தை ஒழுங்காக உண்பானா, அவனால் குடும்பமே நோயுறுமே என்ற ஐயங்களும் இருந்தன. இவற்றைச் சோதித்தறிய 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதற்குத் துணை நின்றன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் அப்பணிக்குத் தலைமை தாங்கினார்.

நகரின் ஏழை நோயாளிகள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். எவர் எப்பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே தீர்மானித்தது. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது மிகுதி.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தோருள் 86 பேரும் நோய் அடங்கி நலமுற்றிருந்தனர். வீட்டில் இருந்தோரின் குடும்பத்தார் அதனால் மிகுதியாக நோயுறவுமில்லை. உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. ஏழையைப் பற்றிய பழைய எண்ணத்தை வீழ்த்தியது வாதமன்று, முறையான கணக்கு.

ஆயின், ஏழைக்கு உணவு வேண்டுவதில்லை என்று இதனைக் கொண்டு எவரும் வாதிடலாகாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் மற்றோர் ஆய்வு நடந்தது. மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர், பெறாத குடும்பங்களைவிட நூற்றுக்கு 39 பங்கு குறைவு என்பது 2023இல் வெளியாயிற்று. குணப்படுத்த மருந்து, வராமல் காக்க உணவு. இரண்டையும் கேட்பது நம் உரிமை.

ஆய்வு நல்லதாயினும் மனிதரை மதியாது நடத்தினால் அது தீங்கே. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டமொன்று நடந்தது. அதில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டனர். 2013இல் நாடாளுமன்றக் குழு இதனைக் கண்டித்தது. தடுப்பூசி பயனுள்ளதே, கேளாமற் போட்டதே குற்றம்.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு 2019ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறலாம், மறுக்கலாம், இடையில் விலகலாம். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எனினும் படிவத்தைப் படிக்க இயலாதவருக்கு இவ்வுரிமைகள் ஏட்டுச் சுரைக்காயே.

இளைஞர்களே! நம் தெருவில் எவரேனும் ஒரு தாளில் கைநாட்டு வைக்குமுன் அதனைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் நீங்களாக இருங்கள். ஆய்வுக்கு உட்படுவோராக மட்டும் நாம் நின்றது போதும். ஆய்வை நடத்தும் மருத்துவராக, செவிலியராக, கணக்கிடும் புள்ளியியலாளராக நம் பிள்ளைகள் அமர வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஏற்றிய விளக்கின் பயன் அதுவே.