மைதானத்தைப் புதுப்பிக்கலாம், பில் யார் பெயரில்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கால்பந்து மைதானம். தண்ணீர் லாரி, பார்க்கிங், செக்யூரிட்டி சம்பளம் என்று ஆயிரம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிற நமக்குத்தான் இந்த விஷயம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும் என்பது என் எண்ணம். ஒரு பெரிய கட்டடம் பலருக்கும் பொதுவாக இருக்கிறது. அது பழசாகிறது. பெரிய செலவு வருகிறது. யார் கொடுப்பது என்று வாக்குவாதம் வருகிறது. லிஃப்ட் மாற்ற வேண்டும் என்றால் தரைத்தளத்து வீட்டுக்காரர், "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே" என்பார். மொட்டைமாடி ஒழுகினால் மேல்தளத்துக்காரர் மட்டும் தவிப்பார். ஸ்டேடியத்திலும் இதே கதைதான். தொகையில் சில சைபர்கள் கூடுதல், அவ்வளவே.

நம் மாநிலத்தின் பெரிய கால்பந்து அரங்கத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னை பெரியமேட்டில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. முன்பு அங்கே மாநகராட்சி ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 1993ல் நேரு கோப்பை கால்பந்துப் போட்டி நடந்தபோது புதிய அரங்கம் வந்தது. 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 2014 முதல் சென்னையின் எஃப்சி அணி ஐஎஸ்எல் ஆட்டங்களை அங்கே ஆடுகிறது. 2024 ஜனவரி 19 அன்று கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் அங்கே தொடங்கின.

அரங்கம் அரசுடையது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதைப் பார்த்துக்கொள்கிறது. கால்பந்து அணி தனியாருடையது, வந்து ஆடிவிட்டுப் போகிறது. நம் மொழியில் சொன்னால் அரசு வீட்டு ஓனர், கிளப் வாடகைதாரர். வீட்டுக்கு ரிப்பேர் வந்தால் யார் செய்வது? "கிளப் டிக்கெட் விற்கிறது, விளம்பரம் வாங்குகிறது, அவர்களே செய்யட்டும்" என்று ஒரு பக்கம் சொல்வார்கள். "கட்டடம் ஓனருடையது, நாங்கள் ஏன் போட வேண்டும்?" என்று மறுபக்கம் கேட்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

வாடகைதாரரை மட்டும் நம்பிக் கட்டடத்தை விட முடியாது என்பதற்கு 2025ல் நடந்ததே உதாரணம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் ஒரு தனியார் கூட்டணியுடன் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் ஐஎஸ்எல் நடந்துகொண்டிருந்தது. காலக்கெடு முடியும் நேரம் வந்தும் புதிய ஒப்பந்தம் படியவில்லை. 2025 ஜூலையில் அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்துவிட்டது. கிளப்புகளே அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றன. அந்த நேரத்தில் கேலரியில் விரிசல் என்றால் யாரிடம் போய்ப் பில் நீட்டுவது? தூண், கூரை, படிக்கட்டு, வெளியேறும் வழி இவையெல்லாம் ஓனரின் பொறுப்பில்தான் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2013ல் ஆசியத் தடகளப் போட்டி சென்னையில் நடப்பதாக இருந்தது. இலங்கை வீரர்கள் பங்கேற்பதை முன்னிட்டு அன்றைய மாநில அரசு நடத்த மறுத்தது. போட்டி புனேக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். சாவி யார் கையில் இருந்தது என்பதையே நான் காட்ட வருகிறேன். செலவு செய்பவர் கைக்குச் சாவியும் போய்ச் சேரும். எனவே "யார் கொடுப்பது" என்று கேட்கும்போதே "கொடுத்தால் சாவி யாரிடம்" என்றும் கேட்டுவிட வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கொச்சி கலூரில் உள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் கொச்சி பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குச் சொந்தம். கேரளா பிளாஸ்டர்ஸ் அங்கே ஆடுகிறது. அரங்கத்தின் அடியில் சுற்றிலும் கடைகள் இருக்கின்றன. ஓனருக்கு அந்த வாடகை ஒரு வருமானம். 2017ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை அங்கே வந்தபோது, பாதுகாப்புக்காக அந்தக் கடைகளை மூடச் சொன்னார்கள். வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். உலகக் கோப்பை வந்ததில் ஊருக்கெல்லாம் பெருமை, ஆனால் செலவின் ஒரு பங்கு சத்தமில்லாமல் கடைக்காரர் தலையில் விழப் பார்த்தது.

2024 டிசம்பர் 29 அன்று அதே அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடிய பரதநாட்டிய நிகழ்ச்சி நடந்தது. தற்காலிகமாகப் போட்ட மேடையிலிருந்து விழுந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் படுகாயம் அடைந்தார். புல்தரை கெட்டுப்போகும் என்ற கவலையும் எழுந்தது. நம் கம்யூனிட்டி ஹாலை வெளியாருக்கு வாடகைக்கு விடும்போது நாம் டெபாசிட் வாங்குகிறோம், பந்தல் போடுபவர் எங்கே ஆணி அடிக்கிறார் என்று பார்க்கிறோம். அதே கவனம்தான் அங்கும் தேவைப்பட்டது.

2025ல் அர்ஜென்டினா அணி கேரளத்துக்கு வருகிறது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. நவம்பரில் கொச்சியில் ஆட்டம், அதற்காக அரங்கத்தைப் புதுப்பிக்கும் செலவை ஸ்பான்சரே ஏற்பார் என்றார்கள். வேலையும் தொடங்கியது. பிறகு ஆட்டம் தள்ளிப்போனது. உடனே கேள்விகள் கிளம்பின. எழுத்தில் ஒப்பந்தம் எங்கே? பாதியில் நின்றால் யார் முடிப்பது? செலவு செய்தவருக்கு அரங்கத்தில் என்ன உரிமை?

நமக்கு இது புதிதல்ல. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க இடம் கொடுத்தால் பில்டிங் முழுக்க இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்று ஒருவர் வந்தால் நாம் என்ன செய்வோம்? பெயிண்ட் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படிப்போம். எத்தனை வருடம், மாடிச் சாவி யாரிடம், ஒழுகினால் யார் பொறுப்பு என்று கேட்போம். இலவசம் என்று வருவதற்குத்தான் அதிகம் படிக்க வேண்டும்.

2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடந்ததை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வந்தவர்கள், அவர் சற்று நேரத்திலேயே போய்விட்டார் என்று கொதித்து நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். டிக்கெட் காசு வாங்கியவர் தனியார். உடைந்த நாற்காலி அரசுடையது. முன்கூட்டியே போதுமான தொகையை டெபாசிட்டாக வாங்கி வைப்பதன் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்தைப் பிறகு கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். செலவு ஏறி ஏறி 32.3 கோடி பவுண்டில் போய் நின்றது. அங்கே குடியேறிய வெஸ்ட் ஹாம் கிளப் அதில் கொடுத்தது 1.5 கோடி பவுண்டு. ஆண்டு வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு, குத்தகை 99 ஆண்டு. கால்பந்துக்கும் தடகளத்துக்கும் இடையே நாற்காலிகளை நகர்த்தவே ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு ஆனது. லண்டன் மேயர் சாதிக் கான் விசாரணைக்கு உத்தரவிட்டு, 2017ல் அறிக்கை வந்தது. அதற்குள் குத்தகை கையெழுத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. வரி கட்டுபவர்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறார்.

பார்சிலோனாவில் வேறு வழி. அந்தக் கிளப்புக்கு அதன் உறுப்பினர்களே உரிமையாளர்கள், நம் சங்கம் மாதிரி. கேம்ப் நூ அரங்கத்தைப் புதுப்பிக்க 150 கோடி யூரோ வரை கடன் வாங்கலாமா என்று 2021 டிசம்பரில் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தார்கள். பெரும்பான்மையோர் சரி என்றார்கள். வேலை தாமதமானது. 2024 நவம்பரில் திரும்புவோம் என்றவர்கள் 2025 நவம்பரில்தான் திரும்பினார்கள், அதுவும் முழு இருக்கைகளும் தயாராகாத நிலையில். ஆனாலும் கடன் யாருடையது, அரங்கம் யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. டிக்கெட் வருமானம் அவர்களுக்கு, கடன் தவணையும் அவர்களுக்கு.

இந்தக் கதைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது நான்கு விஷயங்கள்.

முதலாவது, உயிருக்குப் பாதுகாப்பான எதற்கும் ஓனரே பொறுப்பு. கேலரியின் உறுதி, தீயணைப்பு, வெளியேறும் வழி, கழிப்பறை, குடிநீர் இவை பொது அரங்கம் என்றால் பொதுப்பணத்தில்தான் நடக்க வேண்டும். லிஃப்டில் ஏறாத தரைத்தளக்காரரும் பங்கு கொடுக்கிறார் அல்லவா, அதே நியாயம். கால்பந்து பார்க்காதவரின் வரிப்பணமும் இதில் சேரலாம், அவர் பிள்ளையும் நாளை அங்கே ஓடலாம்.

இரண்டாவது, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வசதிக்கு அவரே செலவு செய்யட்டும். விஐபி பாக்ஸ், விளம்பரப் பலகை, டிவி ஒளிபரப்புக்கான கூடுதல் விளக்கு போன்றவை கிளப் கணக்கிலோ ஸ்பான்சர் கணக்கிலோ போக வேண்டும். வீட்டுக்குள் மாடுலர் கிச்சன் போடுபவர் சங்கத்திடம் காசு கேட்பதில்லை.

மூன்றாவது, யார் கொடுத்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு, எத்தனை நாள் பயன்பாடு, ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம், வேலை பாதியில் நின்றால் என்ன என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிய வேண்டும்.

நான்காவதுதான் மிக முக்கியம். புதுப்பிக்கும் செலவு என்று ஒருநாள் வந்து நிற்கும் பெரிய பில்லில் பாதிக்கு மேல், வருடா வருடம் செய்யாமல் விட்ட சின்னச் சின்னப் பராமரிப்புதான். கேலரிப் படியில் தண்ணீர் தேங்கினால் அது கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும். பிறகு சிமெண்ட் பெயர்ந்து விழும். நம் மொட்டைமாடியில் நடப்பதும் இதுவே. ஆரம்பத்தில் சில ஆயிரத்தில் அடைக்கக்கூடிய விரிசல் பிறகு லட்சத்தில் கேட்கும். புல்தரைக்கு அடியில் வடிகால் அடைத்தாலும், செயற்கை ஓடுதளம் ஓரத்தில் கிளம்பினாலும் அப்படித்தான். கார்ப்பஸ் ஃபண்ட் இல்லாத அபார்ட்மெண்டும், பராமரிப்பு நிதி இல்லாத ஸ்டேடியமும் ஒன்று. கல்யாணம் வந்தால்தான் வெள்ளையடிப்போம் என்று இருந்தால் கல்யாணத்துக்கு முதல் நாள் அவசர விலைதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் தலா 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சேந்தமங்கலமும் ஒரு தொகுதி, கொல்லிமலையும் இதற்குள் வருகிறது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுச் சொத்து ஒன்றை உருவாக்கவோ சீர்செய்யவோ மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும். 2023 மே மாதம் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை விளையாட்டுக்காக நன்கொடை வாங்குகிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும் இருக்கும் நம் மாவட்டத்தில் கொடுக்க மனமுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே இன்றோ நாளையோ ஒரு மைதானத்துக்காக நம் சங்கத்தின் கதவையும் தட்டுவார்கள். அப்போது "எவ்வளவு?" என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். "ஐந்தாவது வருடம் புல்லுக்குத் தண்ணீர் விடுபவருக்குச் சம்பளம் யார் தருவார்?" என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் எழுத்தில் வந்த பிறகு நம்மால் முடிந்ததைத் தாராளமாகக் கொடுப்போம்.

கூடவே இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நாம் பங்கு கொடுத்துவிட்டோம் என்பதற்காக மாலை ஆறு மணிக்கு நம் பிள்ளைகளுக்கு மட்டும் கேட் திறக்கும் என்று ஆகிவிடக் கூடாது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. அவ்வளவும் இறங்கி, பஸ் மாறி, ஒரு பயிற்சிக்காக வரும் மலைப் பிள்ளைக்கு அந்த கேட் பூட்டியிருந்தால், நாம் கொடுத்த பணம் பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக மாற்றியதாக ஆகும். நம் பார்க்கிங்கில் பந்து தட்டிக் கார் கண்ணாடிக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளும், மலையிலிருந்து வரும் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஆடட்டும். அந்த ஒரு நிபந்தனையோடு நம் சங்கம் பங்கு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை அடுத்த பொதுக்குழுவின் பொருள்நிரலில் சேர்க்கும்படி செயலாளர் அவர்களையும் வேண்டுகிறேன்.