பென்ஷன் காகிதத்தில் உள்ள வார்த்தைகள்

(வித்துராவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொன்முடிக்குப் போகிற வழியில் இறங்கி, இந்த வீட்டு முற்றத்தில் இலை போட்டுச் சாப்பிட்ட கையோடு, பென்ஷனைப் பற்றிப் பேசு என்று என்னை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். அடைப்பிரதமன் சாப்பிட்டவர்களிடம் கணக்குப் பேசுவது பாவம். அரை மணிக்கு மேல் கூடாது என்று காரியதரிசியும் உத்தரவு போட்டிருக்கிறார்.

இருபத்தெட்டு வருஷம் கணக்குத் துறையில் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் அடுத்தவர்களுடைய பென்ஷன் காகிதங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் நான் இன்று பேசச் சம்மதித்தது அந்த அனுபவத்தால் அல்ல. 2011-ல் என் அத்திம்பேர் காலமானார். மாநில அரசில் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். பதிமூன்று நாள் காரியம் முடிந்து அக்காவின் குடும்பப் பென்ஷனுக்கு விண்ணப்பம் கொடுத்தோம். அக்காவின் பெயர் சர்வீஸ் புக்கில் சுப்புலட்சுமி. பி.பி.ஓ.வில் வெறும் லட்சுமி. வங்கிப் புத்தகத்தில் சுப்பலக்ஷ்மி அம்மாள். மூன்றும் ஒரே ஆள் என்று எங்களுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே! ஏழு மாதம் பணம் வரவில்லை. கடைசியில் வில்லேஜ் ஆபீஸில் இந்தப் பெயர்களெல்லாம் ஒரே நபருடையவை என்று ‘ஒன் அண்ட் தி சேம்’ சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் விடிந்தது. “ஆத்துல பென்ஷன் செக்ஷன்ல ஒருத்தன் இருந்தும் எனக்கு இந்த கதியாடா?” என்று அக்கா கேட்டாள். ஊரார் காகிதத்தையெல்லாம் பார்த்த நான், சொந்த அக்காவின் பி.பி.ஓ.வை ஒரு நாள்கூட வாங்கிப் பார்த்ததில்லை.

ஆகவே முதல் வார்த்தை அதுதான். பி.பி.ஓ. என்றால் பென்ஷன் பேமெண்ட் ஆர்டர். இன்னாருக்கு இன்ன தேதியிலிருந்து இவ்வளவு கொடு, அவர் காலத்துக்குப் பின் இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று டிரஷரிக்கோ வங்கிக்கோ போகும் உத்தரவு. அதன் பாதி உங்களுக்கு, பாதி பணம் கொடுக்குமிடத்துக்கு. அதில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, இரண்டும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். நம் வீடுகளில் பெண்களுக்கு ஜாதகத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், புக்ககத்தில் ஒரு பெயர். மாமா உயிரோடு இருக்கும்போது திருத்துவது ஒரு மனுவோடு முடிகிற காரியம்.

அடுத்து குவாலிஃபையிங் சர்வீஸ். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதெல்லாம் இதில் சேராது. சம்பளமில்லாத சில வகை லீவுகள் கழியும். கேரள அரசில் குறைந்தது 10 வருஷம் இருந்தால் பென்ஷன், 30 வருஷம் இருந்தால் முழுப் பென்ஷன். கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதிதான் முழுப் பென்ஷன். 30-க்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். மத்திய அரசில் 2006-லிருந்து கணக்கு வேறு. 10 வருஷம் முடித்தாலே பாதிச் சம்பளம் பென்ஷனாகக் கிடைக்கும். நாம் பல ஊர்களில் பல அரசுகளில் வேலை பார்த்தவர்கள். டெல்லி மச்சினர் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் டிரஷரியில் சண்டை போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கம்யூட்டேஷன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. அதிகபட்சம் 40 சதவீதம். சராசரிச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பென்ஷன் 30,000. அதில் 40 சதவீதம் 12,000. கேரளத்தில் 56 வயதில் ரிட்டயர் ஆகிறவருக்கு இதைப் பன்னிரண்டால் பெருக்கி, மறுபடி 11.10 என்ற எண்ணால் பெருக்குவார்கள். 15,98,400 ரூபாய் கையில் வரும். மாதப் பென்ஷன் 18,000 ஆகக் குறையும். 12 வருஷம் கழித்து அந்த 12,000 திரும்ப ஏறிவிடும். 12 வருஷத்தில் பிடித்த மொத்தம் 17,28,000. பதினாறு லட்சத்தை வாங்கி, பன்னிரண்டு வருஷத்தில் பதினேழே கால் லட்சம் திருப்புவதென்றால் வட்டி ஒன்றரை சதவீதம்கூட இல்லை. எந்த வங்கி கொடுக்கும்?

மத்திய அரசில் 60 வயதில் ரிட்டயர் ஆகிறவருக்கு அந்த எண் 8.194. அதே 12,000-க்குக் கிடைப்பது 11,79,936. திரும்ப ஏறுவதற்கு 15 வருஷம். பிடித்தம் 21,60,000. வட்டி ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விழுகிறது. ஆகவே ‘கம்யூட் பண்ணலாமா வேண்டாமா’ என்று கேட்டால், நான் முதலில் ‘எந்த சர்க்கார்?’ என்று கேட்பேன். கேரள ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மத்திய அரசு ஊழியர், பெண் கல்யாணமோ வீட்டுக் கடனோ இருந்தால் செய்யலாம். ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுவதற்காகச் செய்வது எனக்கு உசிதமாகப் படவில்லை.

இதில் இரண்டு பயங்கள் எல்லோருக்கும் உண்டு. டி.ஆர். என்கிற பஞ்சப்படி குறையுமா? குறையாது. குறைந்த 18,000-க்கு அல்ல, முழு 30,000-க்கும் கணக்கிட்டுத்தான் கொடுக்கிறார்கள். நடுவில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் மிச்சத்தை மனைவியிடம் பிடிப்பார்களா? மாட்டார்கள். குடும்பப் பென்ஷனுக்கும் கம்யூட்டேஷனுக்கும் சம்பந்தமே கிடையாது.

டி.சி.ஆர்.ஜி. என்பதை எல்லோரும் கிராஜுவிட்டி என்று சுருக்கிவிடுகிறோம். டெத் கம் ரிட்டயர்மெண்ட் கிராஜுவிட்டி. அந்த டெத் என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது என்பதாலோ என்னவோ! கடைசி மாதச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி, ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும். அதிகபட்சம் 33 வருஷம் வரை எண்ணுவார்கள். இரண்டும் சேர்ந்து 70,000, சர்வீஸ் 30 வருஷம் என்றால் பத்தரை லட்சம். இதற்கு உச்சவரம்பு உண்டு. கேரளத்தில் 2021-ல் வந்த சம்பளத் திருத்தத்தில் 14 லட்சம் 17 லட்சமாயிற்று. மத்திய அரசில் 2024 ஜனவரி முதல் 25 லட்சம். அரசுக்கு நீங்கள் ஏதாவது பாக்கி வைத்திருந்தால், வீட்டுக் கடன் பாக்கியோ, முன்பு தவறாக அதிகம் கொடுத்த சம்பளமோ, அது இதிலிருந்துதான் கழியும். பாக்கியில்லை என்று நான் லயபிலிட்டி சர்டிபிகேட் வரும்வரை இந்தப் பணத்தை விடமாட்டார்கள். கடைசி இரண்டு வருஷத்தில் பழைய ஆபீஸ்களுக்கு ஒரு நடை போய் இதைக் கேட்டு வைப்பது நல்லது.

ரிட்டயர் ஆகும்போது எல்.பி.சி. என்று ஒன்று கேட்பார்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கான சான்று, ஒரு தாள். அந்த ஒரு தாளால் நம் கேரளத்தில் நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. எம். பத்மநாபன் நாயர் என்கிற அரசு ஊழியர் 1973 மே 19-ல் ரிட்டயர் ஆனார். பென்ஷனும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 14-ல். இரண்டேகால் வருஷம்! காரணம், டிரஷரியிலிருந்து எல்.பி.சி. வரவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. தாமதத்துக்கு 12 சதவீதம் வட்டி வேண்டுமென்று வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 6 சதவீதம் கொடுத்தது, ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. அரசு விடாமல் டெல்லிக்குப் போனது.

1984 டிசம்பர் 17-ல் தீர்ப்பு. பென்ஷனும் கிராஜுவிட்டியும் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் தானமல்ல, ஊழியரின் உரிமைச் சொத்து. ரிட்டயர் ஆகி இரண்டு மாதம் கழிந்தால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் நடப்பு வட்டி விகிதத்தில் வட்டி கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தாமதம் செய்த அதிகாரியிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிப்பதா என்பதை அரசு யோசிக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் நாயருக்குக் கிடைத்தது அதே 6 சதவீதம்தான். ஏனென்றால் ஹைகோர்ட்டில் அவர் 6 போதாது என்று எதிர் மனு போடவில்லை. போட்டிருந்தால் 12 கிடைத்திருக்கலாம். வக்கீல்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதன் வலி தெரியும். சரியாக இரண்டு வருஷம் முன்பு, 1982-ல் அதே டிசம்பர் 17-ந் தேதிதான் நகாரா வழக்கின் தீர்ப்பும் வந்தது. பென்ஷனர்கள் அந்த நாளைத்தான் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

குடும்பப் பென்ஷனைப் பற்றி மாமிகளுக்கு இரண்டு வார்த்தை. சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சில வருஷங்களுக்கு மட்டும் அதிக விகிதம் உண்டு. அந்தக் கெடு முடிந்து தொகை குறையும்போது ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறாதீர்கள். எந்தத் தேதியில் குறையும் என்பது பி.பி.ஓ.விலேயே எழுதியிருக்கும். கிராஜுவிட்டிக்கு நாமினேஷன் உண்டு. குடும்பப் பென்ஷனுக்கு நாமினேஷன் கிடையாது, உயிலும் செல்லாது. சட்டம் சொன்ன வரிசைப்படிதான் போகும். கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயரில் போட்ட கிராஜுவிட்டி நாமினேஷனை நாற்பது வருஷம் மாற்றாமல் வைத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு நான் சொன்னதில் பெரும்பாலானவை பொருந்தாது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பின்பும், கேரள அரசில் 2013 ஏப்ரல் 1-க்குப் பின்பும் சேர்ந்தவர்களை என்.பி.எஸ்.ஸில் சேர்த்தார்கள். அதாவது மாதாமாதம் நீங்களும் அரசும் போடும் பணம் சந்தையில் வளர்ந்து, முடிவில் 60 சதவீதம் வரை மொத்தமாகவும் மீதி ஆன்யூவிட்டியாகவும் வரும். அது எவ்வளவு என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 2025 ஏப்ரல் முதல் யு.பி.எஸ். என்ற இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 25 வருஷ சர்வீஸுக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, 10 வருஷமாவது இருந்தால் குறைந்தது மாதம் 10,000. என் மருமான் எது நல்லது என்று கேட்டான். “உன் பொண்டாட்டியையும் உட்கார வெச்சுண்டு கணக்குப் போடுடா” என்றேன்.

லைஃப் சர்டிபிகேட்டுக்காக இப்போது வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்த பிறகு வீட்டிலிருந்தே கொடுக்கலாம். முகத்தைக் காட்டினாலே போதும் என்கிற வசதியும் இருக்கிறது. ஆனால் ‘லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்க ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். பி.பி.ஓ. நகல் கொண்டுவரும்படி முன்பே சொல்லியிருந்தேன். ஏழெட்டுப் பேர் கையில் கவர் தெரிகிறது. வண்டி நாலு மணிக்குத்தான். அதுவரை இந்தத் திண்ணையில்தான் இருப்பேன், மூக்குக் கண்ணாடியும் இருக்கிறது. முதலில் மாமிகள் வாருங்கள்.