ஆறு பவுண் முதல்

வணிகம் தொடங்க எண்ணுவோரை நோக்கி உலகம் முதலிற் கேட்கும் கேள்வி, 'கையிலே முதல் எவ்வளவு?' என்பதாகும். நெல் வாணிபத்துக்குக் களஞ்சியம் வேண்டும். நெசவுக்குத் தறி வேண்டும். கணினிக்கு வேண்டிய நிரல்களை எழுதிக்கொடுக்கும் தொழிலுக்கு முதலாவது யாது? ஸ்டெபானி ஷெர்லி என்னும் அம்மையாரின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது.

1933ஆம் ஆண்டு ஜேர்மனியிலே பிறந்த இவர், 1939இல், ஐந்து வயதுக் குழந்தையாக, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, யூதச் சிறுவர் பலரோடு புகைவண்டியேறி இங்கிலாந்தை அடைந்தார். வளர்ந்தபின் அந்நாட்டுத் தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்திலே பணிபுரிந்தார். திறமை இருந்தும், பெண் என்ற காரணத்தால் உயர்வுக்குரிய வழி அடைபட்டிருக்கக் கண்டார். ஆகவே, 1962இல் ஆறு பவுண் முதலோடு, தம் வீட்டு உணவு மேசையிலே 'ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பலர் நகைத்தனர். அக்காலத்தில் கணினி வாங்குவோர்க்கு நிரல்கள் இலவசமாகவே கிடைத்தன. இலவசப் பொருளை விலைக்கு விற்பதா என்பது அவர்கள் வாதம். வேலை வேண்டி அவர் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி கிட்டவில்லை. கணவர் கூறிய யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று ஆண்பெயராற் கையொப்பமிட்ட பின்னரே கதவுகள் திறந்தன.

அவருடன் சேர்ந்தோர், மகப்பேற்றின் பொருட்டு வேலையை விட்டு வீட்டிலிருந்த பெண் நிரலாளர்கள். முதல் முந்நூறு பேரில் ஆடவர் மூவரே. காகிதமும் பென்சிலுமே அவர்தம் கருவிகள். எழுதிய நிரல்கள் தபாலிற் சென்று, துளையட்டைகளிலும் நாடாக்களிலும் பதிக்கப்பட்டன. கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்குரிய நிரலும் இவ்வாறு வீடுகளில் இருந்தபடியே ஆக்கப்பட்டதாகும்.

எனினும், ஆறு பவுண் எத்தனை நாளுக்குப் போதும்? இத்தகைய தொழிலின் இடர் இங்கேதான் இருக்கின்றது. வேலை முடிந்த அன்றே பணம் வந்து சேர்வதில்லை. வேலை செய்தவர்க்கோ ஊதியம் காலந் தவறாது கொடுத்தாக வேண்டும். வேலைகள் பெருகப் பெருக இவ்விடைவெளியும் பெருகும். அதனை நிரப்ப அம்மையார் தம் உழைப்பை ஈந்தார். வீட்டையும் ஈடுவைத்துக் கடன் பெற்றார். தொழில் வீழ்ந்திருப்பின் வீடும் போயிருக்கும்.

ஈட்டியதை அவர் தாமே வைத்துக்கொண்டாரா எனின், இல்லை. நிறுவனத்தின் பங்குகளைச் சிறிது சிறிதாக ஊழியர் கையில் ஒப்படைத்தார். 1996இல் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, ஊழியருள் எழுபதின்மர் இலட்சாதிபதிகள் என்ற நிலையையும் கடந்து, பத்து இலட்சம் பவுணுக்கு உரியவராயினர். 2025இல், தமது 91ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

தோழர் சிலர் கூடித் தொழில் தொடங்குமுன் மூன்றினைத் தெளிதல் நன்று: ஊதியம் தாமதிக்கும் மாதங்களுக்குக் கைப்பொருள் எங்கிருந்து வரும்? இழப்பு நேரின் அதனைத் தாங்குவார் யாவர்? ஆதாயம் கிடைப்பின் அதனைப் பகிரும் முறை யாது? இம்மூன்றனுள் இறுதி வினாவை முதலிலேயே பேசி முடித்தவர்களின் நட்பு, தொழிலோடு சேர்ந்து நிலைக்கும்.