கேள்வியை அவரிடமே கேளுங்கள்

ரேடியோவைக் காதோரமாக வைத்துக்கொண்டு கேட்கிற பெரியவர்களே, இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான்.

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் நிறைய. பெரியவரை மகன் கூட்டி வந்திருப்பார். "எப்ப இருந்துங்க ஐயா இப்படி?" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்பேன். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். "அப்பாவுக்கு ரொம்ப நாளாவே கேக்கறதில்லைங்க. சொன்னாலும் புரியாதுங்க." பெரியவர் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகனைக் குறை சொல்லவில்லை. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, வண்டி வைத்து அழைத்து வந்திருக்கிறார். பாசம் இருக்கிறது. அப்பாவையே ஒரு வார்த்தை கேட்கலாமே என்பதுதான் தோன்றவில்லை.

சோதனை எளிதானதுதான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளை அனுப்புவோம். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் கிடைக்கும் வரைபடம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது! வயதால் வரும் செவித்திறன் குறைவு என்றால் கோடு 8000 வரை சரிந்துகொண்டே போகும். இரைச்சலால் கெட்ட காது என்றால் 4000-க்குப் பக்கத்தில் ஒரு குழி விழும், பிறகு கோடு சற்று மேலே ஏறும். வயதானவர்களுக்கு இரண்டும் கலந்திருக்கும், ஆனாலும் அந்தக் குழி பல நேரம் அடையாளம் காட்டிவிடும். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் நின்றாலே காதுக்கு ஆபத்து. தறிக்குடோன் சத்தம் அதையும் தாண்டும்.

ஒரு பெரியவர் பொத்தானையே அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். மகன், "நாஞ் சொன்னனில்லீங்க?" என்றார். கதவைத் திறந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, "எத்தனை தறிங்க ஓட்டுனீங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்தார். "நாலுங்க. நாலும் ஒரே சமயத்துல ஓடும். ஒண்ணுல நாடா அடிக்கிற சத்தம் மாறினாலும் திரும்பாமயே தெரிஞ்சுரும். பாவு அந்து போறதுக்குள்ள நிறுத்திப்போடுவேன்" என்றார். அந்த இரைச்சலில் பக்கத்துத் தறிக்காரரோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம், சைகையும் உண்டாம். செய்தும் காட்டினார். இதெல்லாம் மகனுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறகு சோதனை ஒழுங்காக நடந்தது. வரைபடத்தில் அந்தக் குழியைத் தொட்டுக் காட்டி, "இது உங்க தறிங்க ஐயா" என்றேன். காகிதத்தை வாங்கி மகனிடம் நீட்டினார்.

தொழிலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தாரே, அதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஆண்களைத் தொழில் பேரால்தான் கூப்பிடுவோம். வாத்தியார், மேஸ்திரி, ஏட்டையா, கண்டக்டர். வேலை முடிந்த மறுநாளிலிருந்து எல்லாரும் 'தாத்தா'. பேரன் கூப்பிட்டால் இனிக்கும். பேங்க் கவுண்டரில் முன்பின் தெரியாத பையன் "தாத்தா, அங்க போய் உக்காருங்க" என்று சத்தம் போட்டால்? நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவருக்கு அது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அக்டோபர் 1 முதியோர் தினம் என்று ஐ.நா. சபை 1990-ல் அறிவித்தது. அன்றைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்திவிட்டு அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

பேங்க் பையன் சத்தம் போடுவதைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வயதான காதில் முதலில் மங்குவது ச, த போன்ற மெல்லிய உயர்சுருதி ஒலிகள். 'சட்டை' என்றால் 'கட்டை'யாகக் கேட்கும். கத்தினால் உயிரொலிதான் பெருகும், தெளிவு கூடாது. போதாததற்கு, கத்துகிற முகம் கோபமான முகமாக வேறு தெரியும். டி.வி.யை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள், போதும். பதில் வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். நடுவில் புகுந்து நீங்கள் முடித்துவைக்க வேண்டாம்.

மணியாகிவிட்டது, நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். சொல்ல நினைத்ததில் பாதியைத் தறியே சாப்பிட்டுவிட்டது! இன்று மாலை வீட்டுப் பெரியவரிடம், முதல் சம்பளம் எவ்வளவு, யார் கையால் வாங்கினார், அதை என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். கதை நீளும். பாதியில் போனை எடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.